ஒரே போஹோ ஸ்கர்ட்... நாலு லுக்! வீக்லி ஆஃப் முதல் ஊர் திருவிழா வரை: பைக்கில் போகும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது படப்பை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும் ஊர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் இளம்பெண்கள் பலர் இந்த வட்டாரத்தில் ஹாஸ்டலிலோ, நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலோ தங்கியிருக்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு ஒரு குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது என்றால் எண்ணிக்கையை யோசித்துப் பாருங்கள்.

வாரத்தில் ஆறு நாள் யூனிஃபார்ம். மிச்சம் இருக்கும் ஒரு நாளுக்குத்தான் சொந்த டிரஸ். ஹாஸ்டல் அலமாரியில் இடமும் குறைவு. அதனால் ஒரு டிரஸ் வாங்கினால் நாலு இடத்துக்குப் போட முடியணும். இதற்குச் சரியாகப் பொருந்துவதுதான் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த போஹோ லாங் ஸ்கர்ட். ஆனால், இதே ஸ்கர்ட் பைக்கின் பின்சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. எப்படிப் போடுவது, எதில் கவனம் வேண்டும்? பார்க்கலாம்.

போஹோ ஸ்கர்ட் என்றால் என்ன?

கடைகளில் டயர்டு ஸ்கர்ட், ஃபிரில் ஸ்கர்ட், ஜிப்சி ஸ்கர்ட் என்று பல பெயரில் கிடைப்பது இதுதான். இடுப்பில் எலாஸ்டிக் அல்லது நாடா, கீழே மூன்று நாலு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் சுருக்கம். ஐரோப்பிய கிராமங்களில் வயல் வேலை செய்த பெண்கள் போட்ட பாவாடையின் வடிவம் இது. நேர்த்துண்டுகளாக வெட்டிச் சுருக்கி இணைப்பதால் துணி வீணாகாது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவும் வசதி.

‘போஹோ’ என்பது பொஹீமியா என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பகுதி இன்று செக் குடியரசில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ரோமா மக்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்து, அவர்களை அப்படி அழைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் கட்டுப்பாடில்லாமல் வாழ்ந்த கலைஞர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் ரோமா மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் காட்டுகின்றன. ‘ஜிப்சி’ என்ற சொல்லை அவர்களில் பலர் இழிவாகக் கருதுகிறார்கள். எனவே போஹோ ஸ்கர்ட் என்றே சொல்லலாம்.

1976-ல் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லொரான் ரஷ்ய கிராமத்து உடைகளைப் பார்த்து உருவாக்கிய ஆடைகள் இந்தப் பாவாடையைப் பெரிய ஃபேஷன் மேடைக்குக் கொண்டுபோயின. நமக்கு இது புதுசு இல்லை. ராஜஸ்தானின் காக்ரா, லம்பாடிப் பெண்களின் பாவாடை எல்லாம் இதற்கு உறவுதான். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிட்டிலிங்கியில், லம்பாடிப் பெண்கள் ‘பொற்கை’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து தங்கள் பாரம்பரிய எம்பிராய்டரியை மீட்டெடுத்து விற்கிறார்கள்.

நாலு லுக் எப்படி?

அடிப்படை விதி ஒன்றுதான். கீழே லூஸாக இருந்தால் மேலே ஃபிட்டாக இருக்கணும். இரண்டும் லூஸாக இருந்தால் நைட்டி போட்ட மாதிரி தெரியும்.

1. வீக்லி ஆஃப் லுக்: பிரிண்ட் போட்ட ஸ்கர்ட், அதில் இருக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் பிளெயின் டி-ஷர்ட். டி-ஷர்ட்டை உள்ளே டக்-இன் செய்யுங்கள், அல்லது ஓரத்தில் ஒரு முடிச்சு போடுங்கள். தட்டையான செருப்பு, தோளில் குறுக்காகப் போடும் சின்ன பேக். கடைக்கு, சினிமாவுக்கு இது போதும்.

2. கோயில், விசேஷ லுக்: அதே ஸ்கர்ட்டுக்கு பிளவுஸ் அல்லது குட்டை குர்தி போட்டு, துப்பட்டாவைத் தாவணி மாதிரி சுற்றி இடுப்பில் சொருகுங்கள். ஜிமிக்கியும் கொஞ்சம் மல்லிகைப்பூவும் சேர்ந்தால் பாவாடை தாவணி ரெடி. ஸ்கர்ட் மதுரை சுங்குடித் துணியில் இருந்தால் இந்த லுக்குக்குத் தனி அழகு. முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் இந்தச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

3. இன்டர்வியூ லுக்: அடர் நீலம், கறுப்பு, மெரூன் போன்ற ஒரே நிற ஸ்கர்ட், இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். காலர் வைத்த வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு மெல்லிய பெல்ட் போடுங்கள். மூடிய ஷூ, சின்னக் கம்மல். சலசலக்கும் நகை, மணி கட்டிய நாடா எல்லாம் தவிர்க்கவும்.

4. ஊருக்குப் போகும் லுக்: கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி இரவெல்லாம் பயணம் என்றால் உள்ளே லெகிங்ஸ், மேலே முழுக்கை டாப் அல்லது டெனிம் ஜாக்கெட். ஜன்னல் காற்றுக்கும் ஏசி குளிருக்கும் தாங்கும். பஸ் படியில் ஏறும்போது ஸ்கர்ட்டின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எந்த மாடல்?

உயரம் குறைவானவர்களுக்குச் சின்னப் பிரிண்ட், இரண்டு மூன்று அடுக்கு, இடுப்புக்குச் சற்று மேலே ஏற்றிப் போடுவது நல்லது. இடுப்பு அகலம் என்று நினைப்பவர்கள், மேல் அடுக்கில் சுருக்கம் இல்லாமல் இடுப்புக்குக் கீழே ஃபிரில் ஆரம்பிக்கும் மாடலை எடுக்கலாம். ஒல்லியானவர்களுக்குச் சுருக்கம் நிறைய இருந்தால் எடுப்பாக இருக்கும்.

அம்மாவின் புடவையிலேயே தைக்கலாம்

கணக்கு எளிது. ஒவ்வொரு அடுக்கின் சுற்றளவும் மேலே இருப்பதைவிட ஒன்றரை மடங்கு இருக்கணும். முதல் அடுக்கு 42 இன்ச் என்றால், இரண்டாவது 63, மூன்றாவது சுமார் 94 இன்ச். ஒவ்வொன்றும் 12 இன்ச் உயரம் என்றால் மொத்த நீளம் 36 இன்ச். 44 இன்ச் அகலத் துணியில் சுமார் 2 மீட்டர் போதும். ஐந்தரை மீட்டர் பழைய காட்டன் புடவையில் தாராளமாகத் தைக்கலாம். பார்டரைக் கடைசி அடுக்கின் ஓரத்தில் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். ரேயான் துணி வாங்கினால், தைக்கக் கொடுப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலில் சுருங்கிவிடும்.

முக்கியம்: சக்கரத்தில் சிக்காமல் இருக்க...

94 இன்ச் சுற்றளவுள்ள துணி காற்றில் பறந்தால் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. பைக்கில் ஒருபக்கமாக உட்காருபவர்கள் பெரும்பாலும் இடதுபக்கம்தான் கால் போடுவார்கள். பெரும்பாலான பைக்குகளில் செயினும் அதே பக்கம்தான். துணி சிக்கினால் ஒரு நொடியில் ஆளையே கீழே இழுத்துவிடும்.

இதற்காகத்தான் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது அது. நாம் ‘சாரி கார்டு’ என்று சொல்வது இதைத்தான். பார்க்க நல்லா இல்லை என்று இதைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

* ஸ்கர்ட்டின் நீளம் கணுக்காலுக்கு 2 இன்ச் மேலே நிற்கட்டும். தரையைத் தொடும் நீளம் வேண்டாம்.
* உள்ளே லெகிங்ஸ் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். ஸ்கர்ட்டைச் சுருட்டித் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள்.
* துப்பட்டா, இடுப்பு நாடா எதுவும் பின்னால் தொங்கக்கூடாது.
* துணி இழுபடுகிற மாதிரி தெரிந்த உடனே சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்த பிறகு சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டி எடுக்கலாம், வரவில்லை என்றால் வெட்டிவிடலாம்.
* பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அடுப்படியிலும் இதே கவனம் வேண்டும். காட்டனும் ரேயானும் சட்டென்று தீப்பற்றும் துணிகள். சமைக்கும்போது மாற்றிக்கொள்வது நல்லது.

கம்பெனிக்குள் போடலாமா?

மெஷின் பக்கம் கூடாது. ஓடும் இயந்திரத்தின் அருகே போய் வேலை செய்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்பதை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவே சொன்னது. ஸ்கர்ட்டில் கம்பெனி பஸ் ஏறினாலும், லைனுக்குள் போவதற்கு முன் யூனிஃபார்முக்கு மாறிவிடுங்கள்.

மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக மிச்சத்தில் வாங்கும் துணி அது. அடுத்த முறை கடையில் ஸ்கர்ட் எடுக்கும்போது நிறத்தைப் பார்த்த கையோடு, போட்டுப் பார்த்து அதன் ஓரம் எங்கே நிற்கிறது என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.