விழப்போகும் பல்தானே?



"பால் பல் எப்படியும் விழப்போகிறது, அதற்கு ஏன் இத்தனை கவலை?" என்னும் கேள்வியைத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவரும் கேட்டிருப்பர். முதலாம் ஆண்டு வகுப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் பேசும்போது, நானும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இக்கேள்விக்கு விடை தேட நம் மண்ணின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

முதலில் 1939ஆம் ஆண்டு. மலாயாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அவ்வாண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சர்க்கரை சேர்த்த டின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் செய்த விளம்பரங்களை அதில் வன்மையாகக் கண்டித்தார். அன்று அவர் பேசியது பற்களைப் பற்றியன்று. குழந்தைகளின் உயிரைப் பற்றி. ஆயினும் இனிப்புப் பால் புட்டி நம் வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை அவ்வுரை நமக்கு நினைவூட்டுகிறது.

அடுத்து 1949ஆம் ஆண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பல் தாதியரைப் பயிற்றும் பள்ளி பினாங்கில் தொடங்கப்பட்டது. இதற்கு வழிகாட்டிய நாடு நியூசிலாந்து. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் கெட்டிருந்ததைக் கண்ட அந்நாடு, 1921இல் பள்ளிப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. பல் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த மலாயாவுக்கு அம்முறை பொருந்தியது. பல் நாற்காலியையும் கருவிகளையும் சுமந்துகொண்டு பள்ளிக்கு வரும் குழுவினரை இன்றும் நாம் காண்கிறோம். அதன் வேர் பினாங்கில்தான் இருக்கிறது.

மூன்றாவது, குடிநீர். நீரில் மிகச் சிறிய அளவில் ஃபுளோரைடு சேர்த்தால் பற்சிதைவு குறையும் என்பதை 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கிய சோதனை காட்டியது. சிங்கப்பூரில் 1956இலும், ஜொகூரில் 1957இலும் இம்முறை தொடங்கியது. 1972இல் மலேசிய அரசாங்கம் இதனைத் தேசியக் கொள்கையாக ஏற்றது. அப்போது 0.7 பிபிஎம் ஆக இருந்த அளவு 2005இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு செய்தும் நிலைமை என்ன? 2005ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளுள் 76.2 விழுக்காட்டினருக்குப் பற்சிதைவு இருந்தது. 2015இல் அது 71.3 விழுக்காடு. பத்தாண்டுகளில் குறைந்தது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே. காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பல் தாதியர் பெரும்பாலும் காத்திருப்பது பள்ளியில். பல்லோ ஆறு மாத அளவிலேயே முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதும் முளைத்துவிடுகின்றன. இரவில் உமிழ்நீர் குறையும் வேளையில் இனிப்புப் பால் புட்டியுடன் உறங்கும் குழந்தையின் வாயில் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. முதலாம் ஆண்டில் நாம் காண்பது அதன் முடிவைத்தான்.

இந்நோயைப் பல நாட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலம் சொத்தைப் பற்களின் எண்ணிக்கையால் மட்டுமே அளந்தனர். அக்குறையைப் போக்க 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஈகோஹிஸ்' என்னும் வினாத்தாளை வெளியிட்டனர். பின்னர் அது மலாய் மொழியிலும் ஆக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. அதில் 13 கேள்விகள். ஒன்பது பிள்ளையைப் பற்றியவை: வலி, உண்ணல், பருகல், உச்சரிப்பு, உறக்கம், எரிச்சல், பள்ளிக்கு வராமை, சிரிக்கத் தயங்குதல், பேசத் தயங்குதல். எஞ்சிய நான்கும் குடும்பத்தைப் பற்றியவை: பெற்றோரின் மன வருத்தம், குற்ற உணர்வு, வேலைக்கு விடுப்பு, பணச்செலவு.

இப்பட்டியலை ஓர் ஆசிரியர் வாசித்தால் தம் வகுப்பறையே கண்முன் தோன்றும். இரவெல்லாம் உறங்காத பிள்ளை காலையில் எழுத்துக்கூட்டி வாசிக்காது. அதனைச் 'சோம்பல்' என்று எழுதிவிடுகிறோம். தமிழாசிரியருக்கு இன்னொன்றும் உண்டு. தகரமும் நகரமும் நாக்கு மேல்வாய்ப் பல்லின் அடியைத் தொடப் பிறப்பவை, வகரம் பல்லும் இதழும் கூடப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. முன்பற்கள் கரைந்துபோன பிள்ளையிடம் நாம் அவ்வெழுத்துகளைத் திருத்தமாகக் கேட்கிறோம்! சக மாணவர் சிரித்தால், அப்பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிடக்கூடும்.

வீட்டிலும் இதுவே. நாள் சம்பளத்திற்கு வேலை செய்யும் தாய் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்நாளின் வருமானம் போகிறது. போதாக்குறைக்கு, "என்னால்தான் இப்படி" என்னும் குற்ற உணர்வு. ஆகவே பெற்றோரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. வழி சொல்வதே நம் கடன்.

வழிகள் எளியவை. முதல் பல் முளைத்தவுடன் துலக்கத் தொடங்குங்கள். மூன்று வயதுக்கு முன் அரிசி மணி அளவும், அதன்பின் பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிட வேண்டும். பால் புட்டியுடன் உறங்க வைக்காதீர்கள். ஒரு வயதிற்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதனையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். அது வாழ்நாள் முழுமைக்கும் உரிய நிலைப்பல். இன்றிரவு பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கொளியில் பாருங்கள். ஆசிரியர்கள் அடுத்த பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணுக்கு முன் இதனைச் சொல்லுங்கள்.

விழப்போகும் பல்தான். ஆனால் அது விழும்வரை, பிள்ளை அதைக் கொண்டுதான் உண்ண வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும்.