கள்ளக் காசும் வரலாறு பேசும்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஆயினும் நல்ல காசு புழங்கிய இடமெல்லாம் கள்ளக் காசும் உடன் புழங்கியே வந்துள்ளது. காசின் தரத்தைச் சோதிப்போரைச் சங்க காலத்தில் 'வண்ணக்கன்' என்றனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு' என்று அடைமொழி சேர்த்து எழுதின. நற்காசு எனக் குறிக்க நேர்ந்ததெனின், தரங்குன்றிய காசும் புழங்கியது என்பதன்றோ பொருள்?

செம்பின்மேல் வெள்ளியைப் போர்த்துவது கள்ளக் காசு செய்வோரின் பழைய உத்தி. உரோமப் பேரரசில் இத்தகையவை பெருகின. கி.பி. 79இல் மறைந்த பிளினி என்னும் அறிஞர், ஒரு கள்ளத் தெனாரியத்துக்காக நல்ல காசுகள் பலவற்றைக் கொடுத்து வாங்கியோரைப் பற்றி எழுதியுள்ளார். ஆகவே, கள்ளக் காசு சேகரிப்பது இன்று நேற்று தோன்றிய பழக்கமன்று.

நம் சிங்கப்பூரில் 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற வெள்ளி வெளிவருமுன், மெக்சிக்க வெள்ளி முதலிய பல நாட்டுக் காசுகள் கலந்து புழங்கின. சீன வணிகர் தாம் சோதித்த காசில் தத்தம் முத்திரையைக் குத்தினர். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாருக்கும் காசின் தரமறிதல் இன்றியமையாததாயிற்று.

கள்ளக் காசுகளுள் வியப்பூட்டுவது பிளாட்டினக் காசே. நாம் 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் வழங்குவது 1817 முதல் அச்சிடப்பெற்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயரே. ஈயத்திலோ வெள்ளியிலோ அதைப் போலியாகச் செய்தால் எடை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிளாட்டினமோ தங்கத்தினும் கனமானது. செம்பு கலந்தால் எடையும் அளவும் ஒருங்கே பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் அது தங்கத்தைவிட மிக மலிவு. எனவே சவரன்களையும் ஸ்பானியப் பொற்காசுகளையும் அதில் போலியாகச் செய்து தங்கமுலாம் பூசினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாட்டினத்தின் விலை தங்கத்தைத் தாண்டியது. ஏமாற்றுவதற்கென்று செய்த காசு அசலைவிட உயர்ந்துவிட்டது! பின்னர் விலைகள் மாறினும், அக்காசுகளைச் சேகரிப்போர் தேடிப் பெறுகின்றனர்.

சிராங்கூன் சாலை நகைக் கடைகளில் பாட்டியின் பவுனைக் கொடுத்துப் புதுநகை பெறுவது நம்மவர் வழக்கம். உருக்கக் கொடுக்குமுன் அதன் எடை 7.98 கிராமும் விட்டம் 22 மில்லிமீட்டரும் உள்ளனவா என்று பாருங்கள். எடை ஒத்திருப்பினும் முலாம் தேய்ந்த விளிம்பில் வெண்ணிறம் தெரிகிறதா என்றும் நோக்குங்கள். போலியெனத் தெரிந்தால் எவரிடமும் அசலென்று தள்ளிவிடாதீர்கள், வீசியெறியவும் வேண்டா. போலியென்றே எழுதிவைத்துப் பாதுகாத்திடுங்கள். உருகிய காசு மீண்டும் வாய் திறவாது.