ரெலே ரூத்தியே: பிரான்சின் நெடுஞ்சாலை லாரிச் சாப்பாட்டுக்கடைகள்

பிரான்சின் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்களை நம்பி நடக்கும் சாப்பாட்டுக்கடைகளை ரெலே ரூத்தியே என்பார்கள். முன்னால் 16.5 மீட்டர் நீள லாரிகள் திரும்பி நிற்கும் அளவுக்கு மைதானம், உள்ளே நீள மேசைகள், பின்னால் குளியலறைகள், சிலவற்றில் மாடியில் படுக்கையறைகள். மதியம் ஒரே விலையில் முழுச் சாப்பாடு. திங்கள் விடியற்காலையில் திறக்கும் கடை வெள்ளி இரவோடோ சனி மதியத்தோடோ மூடிவிடும். 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை ஓடக்கூடாது என்பது அந்நாட்டு விதி. லாரி ஓடாத நாளில் கடைக்கும் வேலையில்லை.

இக்கடைகளின் சமையலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அதற்குத் தகுதியும் அவற்றுக்கு உண்டு. ஆனால் எந்தக் கடை நிலைத்தது, எந்தக் கடை மூடியது என்று பார்த்தால், அதை முடிவு செய்தவை சாலையின் சுங்கக் கட்டணமும் ஓட்டுநரின் பேட்டாவும் வண்டிக்குள் ஓடும் கடிகாரமும்தான்.

தோற்றம்

மிஷ்லின் வழிகாட்டி 1900 முதல் வெளிவருகிறது. அது கார் வைத்திருந்தவர்களுக்கானது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவருக்கு எந்த ஊரில் நல்ல சாப்பாடும் படுக்கையும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பத்திரிகையாளரான பிரான்சுவா த சோலியூ 1934இல் ‘லே ரூத்தியே’ என்ற பெயரில் ஓட்டுநர்களுக்கென்று ஓர் இதழைத் தொடங்கினார். அவர்களுடைய வேலை நிலைமைக்காகக் குரல் கொடுத்த அந்த இதழிலிருந்து வளர்ந்ததுதான் சாப்பாட்டுக்கடை வழிகாட்டி. அதில் இடம்பெற்ற கடைகள் சிவப்பும் நீலமுமான வட்டப் பலகையை வாசலில் மாட்டிக்கொண்டன. சமையல் தனித்துச் சிறந்திருக்கும் கடைக்கு வழிகாட்டியில் ஒரு வாணலிச் சின்னம் போடுவார்கள். நட்சத்திரம் வாங்கிய உணவகங்களுக்குப் போக முடியாதவர்களுக்கு அந்த வாணலி பெரிய உத்தரவாதமாக இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரயிலிலிருந்து சாலைக்குச் சரக்கு மாறியபோது இந்தக் கடைகள் பெருகின. 1970களில் அவற்றின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஓட்டுநர் பிரான்சில் ஒரு மக்கள் நாயகர். ஆர்டிஎல் வானொலியில் மாக்ஸ் மெய்னியே 1972 முதல் 1983 வரை ஓட்டுநர்களுக்காகவே மாலை நிகழ்ச்சி நடத்தினார். வீட்டாரின் செய்திகளும் லோடு தேடுவோரின் அறிவிப்புகளும் அதன் வழியே சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பே, 1956இல் ஆன்ரி வெர்னய் இயக்கிய ‘தே ழான் சான் சம்போர்த்தான்ஸ்’ படத்தில் லாரி ஓட்டுநராக ழான் கபேன் நடித்தார். சாலையோரச் சாப்பாட்டுக்கடையும் அங்கே பரிமாறும் பெண்ணும் கதையின் மையம். அத்தொழிலின் களைப்பை மிகைப்படுத்தாமல் காட்டிய படம் அது.

சாப்பாடு

ஓட்டுநர் உட்கார்ந்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முதலில் நடுவிலுள்ள குளிர்மேசைக்குப் போவார். மயோனேஸ் ஊற்றிய அவித்த முட்டை, துருவிய கேரட், கடுகுச் சாந்தில் பிசறிய செலரிக் கிழங்கு, எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும், தடித்த துண்டாக வெட்டிய பன்றி இறைச்சித் தெரீன், பக்கத்தில் புளிக்காடியில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ரொட்டிக் கூடை மேசையில் நிரம்பியே இருக்கும்.

அடுத்து அன்றைய சூடான உணவு. ஒன்றோ இரண்டோ வகைதான். வெண்குழம்பில் வெந்த கன்றிறைச்சி பிளாங்கெட், சிவப்பு ஒயினில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி பேஃப் பூர்கிஞோன், உப்பில் ஊறவைத்த பன்றி இறைச்சியோடு மசூர்வகைப் பருப்பு சேர்ந்த பெத்தி சலே, முட்டையும் காடியும் கலந்த கிரிபீஷ் சாந்தோடு கன்றுத்தலை. வெள்ளிக்கிழமையென்றால் மீன். சில கடைகளில் வாரத்தில் ஒருநாள் கூஸ்கூஸ் உண்டு. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த உணவு இப்போது பிரெஞ்சுத் தொழிலாளியின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. பல கடைகளில் முதல் தட்டுக்குப் பயன்படுத்திய கத்தியையும் முள்கரண்டியையும் ரொட்டித் துண்டால் துடைத்து வைத்துக்கொண்டு அதிலேயே அடுத்ததையும் சாப்பிடுவார்கள். பிறகு பாலாடைக்கட்டிப் பலகை கைமாறி வரும், தனக்கு வேண்டியதை வெட்டிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். கடைசியில் சாக்லெட் முஸ்ஸோ, கஸ்டர்டு மேல் மிதக்கும் முட்டைவெள்ளை நுரையோ, அதன்பின் சின்னக் கோப்பையில் காபி.

கால் லிட்டர் ஒயினும் இந்த விலையில் அடங்கும் என்பது பழைய வழக்கம். பல கடைகள் இன்னும் அதைக் கைவிடவில்லை. ஆனால் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற இரத்த மதுவரம்பு, போலீஸ் சோதனை, நிறுவனங்களின் தடை எல்லாம் சேர்ந்து மதிய மேசைகளில் தண்ணீர்க் குடுவையை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டன. அது நல்லதற்குத்தான்.

பிரெஞ்சு விருந்துணவு மரபை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. முன்னுணவு, முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்ற அந்த வரிசை, வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் என்று சுருங்கி வருகிறது. வேலைநாளில், வேலை உடுப்போடு, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அதை முழுமையாகச் சாப்பிடும் இடம் இந்தக் கடைதான். இதை வெறும் மலிவுச் சாப்பாடு என்று ஒதுக்குவது அநியாயம்.

கடிகாரமும் பேட்டாவும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. தினசரி ஓய்வு 11 மணி நேரம், சில நாட்களில் 9 வரை குறைக்கலாம். ஓட்டிய நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணு டேகோகிராஃப் 2006 மே முதல் புதிய லாரிகளில் கட்டாயமானதால் இதில் ஏமாற்றுவது கடினம். காலை ஏழரைக்குக் கிளம்பியவருக்குச் சரியாக 12 மணிக்கு நேரம் முடிகிறது. 45 நிமிடத்துக்குள் ஐந்து கட்டச் சாப்பாடு முடிய வேண்டும்.

குளிர்மேசை ஏன், குழம்புகள் ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. விடியற்காலையில் அடுப்பேற்றி மெல்லிய தீயில் வேகும் உணவு, ஆள் வந்ததும் அள்ளி வைக்கத் தயாராக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வறுத்துக்கொண்டிருந்தால் நேரம் போதாது. இறைச்சியின் விலை குறைந்த பாகங்களும் நீண்ட நேரம் வெந்தால்தான் சுவைபெறும், ஆகவே செலவும் கட்டுக்குள் வந்தது. நேரக் கெடுபிடி பழைய கிராமச் சமையலைக் காப்பாற்றியிருக்கிறது என்றே சொல்லலாம்.

விலைக்கும் ஒரு காரணம் உண்டு. சரக்குப் போக்குவரத்துத் தொழிலின் கூட்டு ஒப்பந்தப்படி வீட்டுக்கு வெளியே சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் நிர்ணயித்த தொகை ஓட்டுநருக்கு உண்டு. நம் ஊர் லாரிக்காரர்கள் பேட்டா என்று சொல்வது இதைத்தான். அண்மை ஆண்டுகளில் அது ஒரு வேளைக்கு 15 யூரோவை ஒட்டி இருக்கிறது. கடைக்காரர் மெனு விலையை இதைப் பார்த்தே வைக்கிறார். கொஞ்சம் கூட்டினாலும் ஓட்டுநர் கைக்காசு போட வேண்டிவரும், போட மாட்டார். தொகை எப்படியும் கைக்கு வரும் என்பதால் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து சூடாக்கிச் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு.

வாடிக்கையாளர் வாரம் ஒரு முறையாவது அதே வழியில் வருபவர் என்பது இன்னொரு கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை குழம்பு தண்ணீராக இருந்தால் அடுத்த செவ்வாய் மைதானம் காலி. முன்பு ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி வானொலியில் பரவிய சேதி இப்போது கைபேசியில் பரவுகிறது.

வழித்தடங்கள்

லாரி வழித்தடங்களில் பெரும்பெயர் பெற்றது தேசிய நெடுஞ்சாலை 7. பாரிஸிலிருந்து நெவேர், மூலேன், ரோவான், லியோன், வாலான்ஸ், அவிஞோன் வழியாக இத்தாலி எல்லையிலுள்ள மான்தோன் வரை ஏறத்தாழ 1,000 கி.மீ. ஷார்ல் த்ரெனே 1955இல் இதைப் பாட்டாக்கிப் பாடினார். அந்தப் பாட்டு கோடை விடுமுறைக்காரர்களுக்கானது. சாலையை ஆண்டு முழுவதும் வாழவைத்தவர்கள் லாரிக்காரர்கள். பாரிஸுக்குத் தெற்கே 1969இல் திறந்த ருஞ்சிஸ் மொத்தச் சந்தையிலிருந்து மூலேன் சுமார் 300 கி.மீ. நான்கரை மணி ஓட்டம் அங்கேதான் முடியும். அலியே மாவட்டச் சாலையோரம் சாப்பாட்டுக்கடைக்குத் தோதான இடமானதற்கு இந்தத் தூரமே போதுமான காரணம். 1970இல் பாரிஸ், மார்செய் விரைவுச்சாலை முழுமையானதும் லியோனுக்குத் தெற்கே லாரிகள் மெல்ல விலகின. 2006இல் பழைய சாலையின் பெரும்பகுதி மாவட்ட நிர்வாகங்களிடம் போய்விட்டது. அலியேயிலுள்ள லாப்பலீஸ் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த ஊர் மக்கள் பழைய வண்டிகளைக் கூட்டி, 1950களின் போக்குவரத்து நெரிசலையே ஒரு விழாவாக மறுபடி நடத்தத் தொடங்கினார்கள்.

இன்று லாரிச் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை 10ஐச் சொல்ல வேண்டும். புவாத்தியேயிலிருந்து ருஃபெக், ஆங்குலேம், பார்பெசியூ வழியாக போர்தோ போகும் பாதை. பக்கத்தில் ஓடும் ஏ10 விரைவுச்சாலையில் சுங்கம் உண்டு, இதில் கிடையாது. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வரும் சரக்கு இங்கே வரிசைகட்டிப் போகிறது. கிராமத்தார் சத்தத்தையும் புகையையும் பற்றிச் சொல்லும் குறை நியாயமானது. கடைகள் பிழைப்பதும் அதே வரிசையால்தான்.

மேற்குக் கடற்கரையையும் பர்கண்டியையும் குறுக்கே இணைக்கும் பாதையை ஆர்சேஏஆ என்று சுருக்கிச் சொல்வார்கள். கோர விபத்துகளால் கெட்ட பேர் வாங்கிய இச்சாலையில், மோன்மாரோவுக்கும் திகுவானுக்கும் இடைப்பட்ட பகுதி 2022 நவம்பரில் ஏ79 என்ற சுங்கச்சாலை ஆனது. தடுப்புக் கட்டையே இல்லாமல் கேமரா வழியாகச் சுங்கம் வசூலிக்கிறார்கள். உயிர்கள் தப்பியதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் முன்பு சாலையிலிருந்து நேரே கடை மைதானத்துக்குத் திரும்பியவர்கள் இனி இறங்குவழி தேடி வெளியே வந்தால்தான் சோறு.

மத்திய மலைப்பகுதியில் கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பெசியே போகும் ஏ75 இதற்கு நேர்மாறு. விரைவுச்சாலைதான், ஆனால் 2004இல் திறந்த மியோ பாலத்தைத் தவிர எங்கும் சுங்கமில்லை. இறங்கி ஏறக் காசு இல்லாததால் ஓட்டுநர்கள் தயங்காமல் வெளியே வந்து சாப்பிடுகிறார்கள். ஓப்ராக் மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கு மசியலோடு இளம் பாலாடைக்கட்டியை இழுத்துக் கிண்டும் அலிகோ கிடைக்கும். கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்கு நூலாக வரும். கிழக்கே லெ ப்வி பக்கம் போனால் அவ்வூர்ப் பச்சைப் பருப்பு, பெத்தி சலேக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை.

பிரித்தானியில் நான்குவழிச் சாலைகளுக்குச் சுங்கமே இல்லை. அங்கிருந்து பன்றி இறைச்சி, கோழி, பால் எல்லாம் லாரியில்தான் வெளியே போகின்றன. அதனால்தான் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் வரி போட அரசு முனைந்தபோது, 2013 இலையுதிர்காலத்தில் சிவப்புக் குல்லாய் அணிந்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வரி நிறுத்தி வைக்கப்பட்டது, மறு ஆண்டு கைவிடப்பட்டது.

இன்றைய நிலை

எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. புறவழிச்சாலை ஒரு காரணம். கிழக்கு ஐரோப்பிய நிறுவனங்களின் வண்டிகள் பெருகியது இன்னொன்று. அவற்றை ஓட்டுபவர்களின் சம்பளத்தில் 15 யூரோ சாப்பாடு எட்டாக்கனி, ஆகவே லாரியின் பக்கவாட்டுப் பெட்டியில் கேஸ் அடுப்பு வைத்துத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விடக் கனமான காரணம் கடைக்காரரின் உழைப்பு. காலை 5 மணிக்குக் காபி போடுவதிலிருந்து இரவு கடைசி ஓட்டுநருக்குச் சூப் ஊற்றுவது வரை பெரும்பாலும் ஒரு கணவன் மனைவியும் இரண்டொரு பணியாளர்களும்தான். அவர்கள் ஓய்வு பெறும்போது எடுத்து நடத்த ஆள் கிடைப்பதில்லை.

இவை எவ்வளவு தேவை என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றில் உணவகங்கள் அனைத்தையும் மூடியபோது நாட்டுக்கே உணவு கொண்டுபோனவர்களுக்குச் சாப்பிடவும் குளிக்கவும் இடமில்லாமல் போயிற்று. நவம்பரில், மாவட்ட அரசு அதிகாரிகளான பிரெஃபேக்கள் பட்டியலிட்ட கடைகள் மட்டும், தொழில்முறை ஓட்டுநர்களுக்கு மாலை 6 முதல் காலை 10 வரை திறக்க அனுமதி கிடைத்தது.

கொத்தனார், மின்பணியாளர், விவசாயி, வழிப்போக்கர் என எவரும் இங்கே சாப்பிடலாம். 12 மணிக்குப் போவது நல்லது, ஒன்றரைக்குப் பிறகு குளிர்மேசையில் மிச்சம் மீதிதான் இருக்கும். காரை லாரி மைதானத்தின் நடுவில் நிறுத்தக்கூடாது. பல கடைகளில் ஓட்டுநர்களுக்கென்று தனி மேசை ஒதுக்கியிருப்பார்கள், அழைக்காமல் அதில் உட்காரக்கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு மாலை 7 மணிக்குள் மைதானம் நிரம்பிவிடும். தாமதமாக வரும் லாரி அடுத்த கடை வரை போக வேண்டும், அதற்கு டேகோகிராஃபில் நேரம் மிச்சமிருந்தால்.