எம் புக்கும் எழுதிய ஓலையும்

மணப்பட்டுக் கடற்கரையில் ஒரு மாலை, நம்முடன் நடந்துவந்த சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் தம் வழக்கைச் சொன்னார். வேலை முடிந்தது, பில் தொகை வரவில்லை, நடுவர் அவர் பக்கமே தீர்ப்பளித்தார், எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. "ஜெயிச்சவனும் நான்தான் சார், வட்டி கட்டறவனும் நான்தான்" என்றார். நடுவர் சொல்லே முடிவென்று இருவரும் ஒப்பமிட்ட பின்னும் நீதிமன்றக் கதவு ஏன் திறந்திருக்கிறது?

தமிழ் படித்த நமக்கு உடனே நினைவில் எழுவது திருவெண்ணெய்நல்லூர் அவைதான். கிழவேதியர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகிறார். அது படியோலை, மூலவோலை என்னிடம் உளது என்கிறார் வேதியர். அவையோர் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கித் தீர்ப்புரைக்கின்றனர். மேல்முறையீடு இல்லை. (இன்றைய ஒப்பந்தக்காரர் எம் புக் நகலை உயிரெனக் காப்பதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?)

பாகூர்ப் பகுதிக்கு இதில் தனி வரலாறு உண்டு. பிரெஞ்சு நாட்டில் 1800ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பணி ஒப்பந்தக்காரருக்கும் அரசுக்கும் எழும் வழக்குகளைப் பொது நீதிமன்றங்களிடமிருந்து பிரித்து நிர்வாக மன்றங்களிடம் தந்தது. குடியேற்ற நாடுகளில் அப்பணியை ஆளுநரின் ஆலோசனைச் சபை சார்ந்த நிர்வாக வழக்கு மன்றம் ஏற்றது; மேல்முறையீடு பாரீசு வரை செல்லும். பிரெஞ்சு அரசுக்காக ஏரிக்கரை உயர்த்திய ஒருவர் கூலிக்காகக் கடல்தாண்டிக் காத்திருக்க வேண்டிய நிலை! எல்லைக்கு அப்பால் கடலூரிலோ ஆங்கிலேயரின் உரிமையியல் நீதிமன்றம். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆளுகை புதுவைக்கு வந்தது.

1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடுவர் தீர்ப்பு தானே நிற்காது. நீதிமன்றம் அதைத் தன் ஆணையாக்க வேண்டும். 1981இல் குருநானக் அறக்கட்டளைக்கும் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், தீர்ப்பை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்பதே உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இச்சட்டம் நடந்த விதம் கண்டு வழக்கறிஞர் சிரிக்க, சட்ட அறிஞர் அழுகின்றனர் என நீதிபதி தேசாய் நொந்துகொண்டார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்ப்பின் காரணங்களைச் சுருக்கியது. மனுவுக்கு மூன்று மாதமும், தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாளும் மட்டுமே தந்தது. ஆனால் 'பொதுக்கொள்கை' என்னும் ஒரு சொல் அதில் தங்கிவிட்டது. 2003இல் உச்சநீதிமன்றம் அச்சொல்லை அகலவிரிக்க, வாசல் மீண்டும் பெரிதாயிற்று.

தில்லி திரிலோக்புரியில் 168 நடுத்தர வருவாய் வீடுகளும் 56 குறைந்த வருவாய் வீடுகளும் கட்டிய ஒப்பந்தம் இதற்குச் சான்று. ஒன்பது மாதத்தில் முடியவேண்டிய வேலை முப்பத்துநான்கு மாதம் இழுத்தது. தாமதத்தின் பெரும்பகுதி தில்லி வளர்ச்சிக் கழகத்தால் நேர்ந்தது என்று 2005இல் நடுவர் கண்டார். தனிநீதிபதி அதை ஏற்றார். 2012இல் இருநீதிபதி அமர்வு கலைத்தது. 2014இல் உச்சநீதிமன்றம் மீட்டது. சாட்சியங்களை எடைபோடுவது நடுவர் வேலை, நீதிபதி வேலையன்று என்று அத்தீர்ப்பு வகுத்துரைத்தது. நமக்கு அது சரியாகவே படுகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் ஏறத்தாழ அவ்வழியே சென்றது.

ஆயினும் கதவு பூட்டப்படவில்லை. தில்லி விமான நிலைய மெட்ரோ வழக்கில், 2017இல் நடுவர் மன்றம் வட்டி நீங்கலாக 2,782 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. 2021இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த அதே தீர்ப்பை, 2024இல் அதே நீதிமன்றம் சீராய்வுக்கும் அப்பாற்பட்ட குறைதீர் மனுவில் கவிழ்த்தது. 2025இல் அரசியல்சாசன அமர்வு, சில வரம்புகளுக்குள் நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்தலாம் என்றும் கூறியது.

நம் நண்பருக்கு உதவக்கூடியது வேறொன்று. எதிர்ப்பு மனு போட்டதுமே பணம் தானாக நின்றுபோகும் பழைய வழக்கத்தை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியிருந்தது. அதை மீண்டும் கொணர முயன்ற சட்டப்பிரிவை 2019இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. தடை வேண்டுவோர் தனியே மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் பிணையோ வைப்புத்தொகையோ கட்டச் சொல்லலாம். இதைச் சொன்னபோது அவர் மணலில் நின்றுவிட்டார். "எங்க வக்கீல் இதைக் கேட்டாரான்னே தெரியலையே சார்" என்று கைப்பேசியை எடுத்தார்.