வெயிலில் சமைத்த கனவு நாடு

வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஆரோவில்லில், சமையற்கூடம் ஒன்றின் கூரைமீது 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் போன்ற ஆடியை நீங்கள் கண்டிருக்கலாம். வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, அதனால் சோறு சமைப்பதற்காக 1990களில் அமைக்கப்பட்டது அது. வெயிலில் சமைக்கும் நாடொன்றை, சென்னைப் பத்திரிகையில் வந்த ஒரு கதை 1905ஆம் ஆண்டிலேயே வருணித்திருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன். வெளியிட்டது, கமலா சத்தியநாதன் ஆங்கிலத்தில் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’. ரொக்கேயா பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். இரவு வேளையில் தம் தமையனாரிடம் ரகசியமாக ஆங்கிலம் கற்றவர்.

அக்கனவு நாட்டில் இரண்டு மகளிர் பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்தே நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படைபலத்தையே நம்பியிருந்த ஆண்கள் இதைக் கேலி செய்தார்கள். அவர்கள் போரில் தோற்றபின், பகைவர்மீது சூரிய வெப்பத்தைப் பாய்ச்சி விரட்டியவர்கள் பெண்களே. அன்றுமுதல் ஆண்கள் அந்தப்புரத்தில்! அடுப்படியும் குழந்தைகளும் அவர்கள் பொறுப்பு.

நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் ஓர் ஐயம் எழுகிறது: பெண்களைப் பூட்டி வைத்தபோது இந்தச் சிரிப்பு ஏன் வரவில்லை? இயற்கை என்று எண்ணியிருந்தது வெறும் வழக்கம்தான் என்பது அப்போது புலப்படுகிறது. நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலை இது. முதல் வாசகரான கணவர், நின்றவாறே முழுவதையும் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். (சிறை ஒழியவில்லை, கைதிகள்தான் மாறினார்கள் என்பது என் குறை.)

கதை படித்துக் கருத்து மாறுவது நடக்கக்கூடியதுதானா? அமெரிக்காவில் எட்வர்ட் பெல்லமி 1888இல் எழுதிய எதிர்காலக் கதையைப் படித்தவர்கள் பல ஊர்களில் சங்கங்கள் அமைத்தார்கள். அவ்வியக்கத்தில் ஈடுபட்ட சார்லட் பெர்கின்ஸ் கில்மன், பின்னர் 1915இல் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி ‘ஹெர்லாண்ட்’ எழுதினார். சென்னையில் வெளியான கதை அதற்குப் பத்தாண்டு மூத்தது.

ரொக்கேயா எழுத்தோடு நிற்கவில்லை. 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ஒரு பள்ளி தொடங்கி, 1911இல் அதைக் கல்கத்தாவில் மீண்டும் நிறுவினார். கனவு நாட்டுத் தெருக்களில் பெண்களை முக்காடின்றி நடக்கவிட்டவர், இங்கே முற்றும் அடைத்த பஸ்ஸில் சிறுமியரை அழைத்துவர நேர்ந்தது. காற்றின்றிக் குழந்தைகள் மயங்கினார்கள். அடைப்பை நீக்கித் திரை கட்டினார். திரை காற்றில் விலகுகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன.