தோட்டம் கொத்தியவர்கள்: வளைகுடா வரலாற்றில் ஒரு விடுபடல்

வளைகுடாவில் விவசாயமே எண்ணெய்ப் பணத்தின் விளைவு என்றொரு எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. முதலில் பாலைவனமும் ஒட்டகமும், பின்னர் எண்ணெய், அதன்பின் புல்தரை என்ற வரிசையிலேயே இப்பிரதேசத்தின் வரலாற்றை விளங்கி வைத்திருக்கிறோம். இது சரியன்று. அல் அய்ன் பகுதியின் ஹீலி, பிதா பின்த் சவூத் ஆகிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 'பலஜ்' எனும் நிலத்தடி நீர்க்கால்கள் ஏறத்தாழ 3000 ஆண்டுகள் பழைமையானவை. பாரசீகரே இத்தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தனர் என்ற கருத்தை இக்கண்டுபிடிப்புகள் கேள்விக்குள்ளாக்கின. ஓமானின் ஐந்து பலஜ்கள் 2006இலும், அல் அய்ன் தொல்லிடங்கள் 2011இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இங்குள்ள விவசாயிகளிடம் தமக்கெனவொரு நாட்கணக்கும் இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் 'சுஹைல்' விண்மீன் தோன்றுவதிலிருந்து ஆண்டைப் பத்துப் பத்து நாட்களாக எண்ணுவர். பத்துகள் சேர்ந்து நூறாகும். இரண்டாவது நூறு குளிர்காலம். சுஹைல் என்பது வேறொன்றுமன்று, நாம் அகத்திய நட்சத்திரம் என்றழைப்பதே. தமிழுக்கு இலக்கணம் தந்தவராக நாம் போற்றும் முனிவரின் பெயர்தாங்கிய விண்மீனைக் கொண்டு இன்னொரு சமூகம் மண்வெட்டி எடுக்கும் நாளைக் கணித்திருக்கிறது!

இரண்டாவது நூறு முடியும் காலம் நமது மாசியோடு ஏறத்தாழப் பொருந்தும். விடியற்புறத்தில் கை விறைக்கும் குளிர் இன்னும் விட்டிராது. ஆனால் வெயில் ஏறுமுன் தோட்டம் ஆயத்தமாகிவிட வேண்டும். பேரீச்சை மரங்களைச் சுற்றிக் கொத்தி, பாத்தி திருத்தி, நீர்க்காலில் படிந்த மண்ணை அள்ளுவர். ஓமானின் பாத்தினாக் கரையோரத்தில் காய்ந்த சாளை மீனே எருவாயிற்று. ஆண்மரத்துப் பூவைப் பெண்மரத்துப் பாளையில் கட்டுவதற்கு ஒவ்வொரு மரமாக ஏறவேண்டும். அதே கரையோரத்தில் பலஜ் இல்லாத இடங்களில் மாடுகட்டிக் கிணற்றுநீர் இறைப்பர்.

இவ்வளவையும் செய்தது யார்? இங்கேதான் வரலாறு மௌனமாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓமானியப் பேரீச்சம்பழம் நியூயோர்க் சந்தையைப் பிடித்தது. பழத்துக்குக் கேள்வி கூடக்கூட பாத்தினாத் தோட்டங்களுக்குக் கிழக்காபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் தொகையும் கூடியது. இத்தொடர்பை மத்தேயு ஹொப்பர் 2015இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விடுதலை கோரிப் பிரித்தானிய முகவரகங்களுக்கு ஓடிவந்தோர் அளித்த வாக்குமூலங்கள் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. பிறந்த ஊர், பிடிபட்ட விதம், விற்கப்பட்ட இடம், செய்த வேலை எனச் சில வரிகளே. தோட்டம் கொத்தியவனின் குரல் எழுத்தில் கிடைப்பது அபூர்வம். அதுவும் அதிகாரி ஒருவரின் பேனா வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. கட்டாரில் அடிமைமுறை 1952இலும் ஓமானில் 1970இலுமே ஒழிக்கப்பட்டது.

வழமையான வரலாறு வேறிடத்தில் தொடங்கும். 1946இல் ஷேக் சாயித் அல் அய்ன் பகுதிக்குப் பொறுப்பேற்றுப் பலஜ்களைத் திருத்தியமை, 1955இல் ராஸ் அல் கைமாவின் திக்தாகாவில் பரிசோதனைப் பண்ணை ஆரம்பமானமை போன்றவை அதில் முதன்மைபெறும். இவை உண்மைகளே, முக்கியமானவையும்கூட. ஆயின் ஆட்சியாளரும் நிபுணரும் மட்டும் நடமாடும் தோட்டத்தில் மண்வெட்டி தானாக இயங்குவதில்லை.

இதைச் சொல்லும் அருகதை நமக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி. புலம்பெயர் எழுத்துகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டம் ஓயாது நினைவுகூரப்படுகிறது. செம்மண், துலாக்கிணறு, குழை தாழ்த்த புகையிலைத் தறை, வெங்காயப் பாத்தி. துலா மிதித்தவனும் குழை சுமந்தவளும் அந்த நினைவில் எங்கே? 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமை கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு சாதியினரை அடிமைகளாக வகைப்படுத்தியது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. தோட்டக் காணி மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது. எந்தக் கிணற்றைக் கொத்தி ஆழமாக்கினார்களோ அதில் தண்ணீர் அள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் தாக்கப்பட்டபோது, அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு வயது 122.

இன்று வளைகுடாத் தோட்டங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் தெற்காசியர். விசா ஒருவர் பெயரில் கட்டப்பட்டிருப்பதால் வேலையை விட்டு விலகுவது இலகுவன்று. இதனை அடிமைமுறையென்றே கூறிவிடுவது அந்த வாக்குமூலங்களைத் தந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: மண்ணைப் பண்படுத்துபவருக்கு அம்மண்ணில் பங்கில்லை. எங்கள் தொழிற்சாலை விடுதியின் மதிலோரத்தில் வங்காளத் தொழிலாளர் குளிர்காலத்தில் கீரையும் பூசணியும் போடுகிறார்கள். அடுத்த விளைச்சலுக்கு யார் இருப்பார், யார் திருப்பியனுப்பப்படுவார் என்பது அவர்களுக்கே தெரியாது. இருந்தும் கொத்துகிறார்கள்.

நிலத்தின் வரலாற்றை நட்ட நாளிலிருந்தல்ல, கொத்திய நாளிலிருந்தே எழுதவேண்டும். யாழ்ப்பாணத்துக்கான அவ்வாறானதொரு வரலாற்றுக்கு வேண்டிய வாக்குமூலங்கள் ஆவணக்காப்பகங்களில் மட்டும் இல்லை. துலா மிதித்த தலைமுறையினரில் எஞ்சியுள்ளோர் முதுமையடைந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை நம்மில் யார் தொடங்கப்போகிறோம்?