டிரெய்லர், டேரா, கலாசி

பெரியப்பா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் இருக்கிறார். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். ஏரி, பின்னால் பைன் மரக்காடு, நடுவில் காருக்குப் பின்னால் கோர்த்த வெள்ளை டிரெய்லர், அதுக்கு முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி. "மூணு நாள் டிரெய்லர்லயே தங்கினோம்டா" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. அம்மா அதைப் பார்த்துட்டு, "ஐயையோ, வீடு வாசல் இல்லாதவன் மாதிரி டிரெய்லர்லயா படுத்தான்?" என்று கேட்டாங்க.

அம்மா கேட்டதில் தப்பில்லை. திருவொற்றியூர்க்காரர்களுக்கு டிரெய்லர் என்றால் ஒன்றே ஒன்றுதான்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி. அதில் தங்குகிறவர்களும் உண்டு. ஆனால் லீவு எடுத்துக்கொண்டு தங்குகிறவர்கள் இல்லை.

சரி, ஏரிக்கரையில் மரநிழலில் கூடாரம் போட்டுத் தங்கும் வழக்கம் நம்ம ஊரில் இருந்ததே இல்லையா என்று தேட ஆரம்பித்தேன். இருந்தது. ஒரு நூறு, நூற்றைம்பது வருடம் மெட்ராஸ் மாகாணத்தின் நிர்வாகமே அப்படித்தான் நடந்தது என்று சொல்லலாம்.

கலெக்டர், சர்வேக்காரர், காட்டிலாகா அதிகாரி எல்லாரும் வருடத்தில் பல வாரங்கள் 'கேம்ப்'தான். தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், நிலவரி வேலை பார்த்தவர். கவர்னர் ஆன பிறகும் சுற்றுப்பயணத்தை விடவில்லை. கடைசியில் 1827 ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டாவில், பயணத்தின் நடுவிலேயே காலராவில் செத்துப்போனார்.

முகாம் போடும் இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்போ புளியந்தோப்போ இருக்கணும். நிழல் இருக்கணும், குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இருக்கணும், வைக்கோல் கிடைக்கிற தூரத்தில் ஊர் இருக்கணும். நம்ம 'தோப்பு' ஆங்கிலேயர் வாயில் 'டோப்' ஆகி அவர்கள் எழுதிய பயண நூல்கள் முழுக்கக் கிடக்கிறது.

ஏற்பாடு எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. துரைக்கு இரண்டு செட் கூடாரம். ஒன்றில் அவர் இரவு தூங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மாட்டுவண்டியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். விடியற்காலையில் அவர் குதிரையில் கிளம்பி 10, 12 மைல் போய்ச் சேரும்போது அங்கே கூடாரம் அடித்து, மேஜை போட்டு, டீ தயாராக இருக்கும். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இரண்டு சர்வர். ஒன்று ஓடும்போது மற்றதைத் தயார் செய்வது. ஆபீஸில் இதை ஏதோ புது யோசனை மாதிரி ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கிறேன்.

கூடாரம் அடிக்கிறவருக்குப் பெயர் கலாசி. இந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா ராயபுரம் பக்கம் ரயில்வேயில் கலாசியாக இருந்தவர். கனமான இரும்பைத் தூக்கி வைக்கும் வேலை. கூடாரம் அடிப்பவர், கப்பல் ஆள், துறைமுகக் கூலி, சர்வே சங்கிலி பிடிப்பவர் என்று எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான் ஓடியிருக்கிறது. கயிறும் கம்பமும் கையில் இருந்தால் கலாசி. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் போனது. ரயில் வந்த பிறகு கூடாரங்கள் குறையத் தொடங்கின. கலாசி என்ற பெயர் மட்டும் தண்டவாளத்துக்கு மாறிவிட்டது.

இதில் ஊருக்கு என்ன கிடைத்தது? முகாம் வருகிறது என்றால் மணியக்காரரும் கர்ணமும் விறகு, வைக்கோல், பால், முட்டை, கோழி, மண்பானை எல்லாம் சேர்த்து வைக்கணும். துரை காசு கொடுத்தாலும் அது நடுவில் இருக்கிற சேவகர்களோடு நின்றுவிடும் என்பது அந்தக் காலத்தின் தீராத புகார். ஆங்கிலேயர் புதிதாகக் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை இது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் 'வெட்டி' என்ற சொல்லே கூலி இல்லாமல் செய்ய வேண்டிய வேலையைக் குறிப்பதுதான். இன்றைக்கு 'வெட்டியா இருக்கேன்' என்றால் சும்மா இருக்கேன் என்று அர்த்தம். தோப்பு நிழலில் நாற்காலியில் இருந்தவர் புது அர்த்தத்தில் வெட்டி, பானை சுமந்தவர் பழைய அர்த்தத்தில் வெட்டி.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். இங்கே டிரெய்லர் தண்ணீரில் ஓடியது. பேசில் காக்ரேன் என்ற வியாபாரி 1806இல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார், சுமார் 11 மைல். அது பிறகு பழவேற்காடு வரைக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக இன்னும் வெட்டப்பட்டு, 1878இல் அப்போதைய கவர்னர் பெயரில் பக்கிங்காம் கால்வாய் ஆனது. பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். பசியில் கிடந்தவர்கள் மண்வெட்டி பிடித்த கால்வாய்க்கு டியூக் பெயர்.

படகுகளுக்குப் பாய் உண்டு. காற்று இல்லாவிட்டால் மூங்கில் கழியால் தள்ளுவார்கள், அல்லது கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். இழுத்துப் போவதுதானே டிரெய்லர்? கூரை போட்ட படகில் அதிகாரிகள் குடும்பத்தோடு படுத்துத் தூங்கியபடி பயணம் போனார்கள். எண்ணூர் காயல் அப்போது மெட்ராஸ் வெள்ளைக்காரர்களின் உல்லாச இடம். அதற்கும் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா காடு. மெட்ராஸ் அடுப்புகளுக்கு விறகு அங்கிருந்து இந்தக் கால்வாயில்தான் வந்தது. ஏரி, காடு, இழுத்துப் போகும் வீடு என்று அண்ணன் போட்டோவில் இருந்த எல்லாமே அங்கே இருந்திருக்கிறது. அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் ஏனாதிகள். 1969இல் ராக்கெட் தளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேல்நாட்டில் பொழுதுபோக்குக்காக வீட்டை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிய முன்னோடி கோர்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை டாக்டராக இருந்தவர். 1885இல் பிரிஸ்டலில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் 'வாண்டரர்' என்று சொகுசு வண்டி செய்யச் சொன்னார். எடை சுமார் 2 டன், இழுக்க இரண்டு குதிரை. "நாடோடி வாழ்க்கை" என்று பெருமை பேசிய மனிதர் கூடவே ஒரு வண்டிக்காரரும், முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் வழி பார்க்க ஒரு வேலைக்காரரும் வைத்திருந்தார். கலாசி அங்கேயும் உண்டு. காரில் கோர்க்கும் கேரவன் முதல் உலகப்போர் முடிந்து 1919 வாக்கில் அங்கே விற்பனைக்கு வந்தது. ஆள் போய் மோட்டார் வந்தது அப்போதுதான். நம்ம ஊரில் கேரவன் என்றால் இன்னும் ஷூட்டிங்கில் ஹீரோ உட்காருகிற ஏசி வண்டிதான். மத்திய சுற்றுலா அமைச்சகம் கேரவன் முகாம் பூங்காக்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. 2021இல் கேரளா தன் பங்குக்குத் தொடங்கியது.

இதெல்லாம் படித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணூர் பக்கம் போனேன். காயலுக்கு அந்தப் பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த தண்ணீர் இதுதான். திரும்பி வரும்போது ரோட்டில் டிரெய்லர் வரிசை. ஒரு வண்டியின் நிழலில் நாமக்கல்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்தேன்.

"எத்தனை நாளா நிக்கிறீங்கண்ணே?"

"நேத்து ராத்திரி வந்தேன் தம்பி. போன தடவை ரெண்டு நாள்."

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் சேஸிஸுக்குக் கீழே தொங்கும் டூல் பாக்ஸில். தண்ணீர் கேன் 40 ரூபாய்க்கு வாங்கினாராம். தூக்கம் கேபினில், கொசு அதிகமானால் ஜன்னலை ஏற்றிக்கொண்டு வேர்வையில். குளியல், கக்கூஸ் பற்றிக் கேட்டேன். சிரித்தார். கிளீனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை, அதனால் தனியாகத்தான் ஓட்டுகிறாராம். கூடாரம் அடிக்க ஆள் இல்லாத முகாம்.

முன்னால் இருந்த வண்டி ஸ்டார்ட் ஆனது. இடம் விட்டால் வேறு யாராவது நுழைந்துவிடுவார்கள். அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையைத் துண்டால் பிடித்துக் கேபினுக்குள் வைத்தார், ஸ்டவ்வை அணைத்துப் பெட்டியில் போட்டார், ஏறி உட்கார்ந்தார். வரிசை ஒரு 30 அடி நகர்ந்து நின்றது. மறுபடியும் இறங்கி ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.